கப்பலை நம்பாத கோழி

மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் கடல் கடந்து வர வேண்டிய அந்தமான் நிகோபாரில், கோழியை முட்டையிட வைக்கும் வழிகள் கொல்லைப்புறத்திலேயே கிடக்கின்றன.

சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பும் கப்பல் ஏறத்தாழ 1,200 கி.மீ. கடந்து மூன்றாம் நாள் வாக்கில் தெற்கு அந்தமானை எட்டுகிறது. சேரும் இடம் போர்ட் பிளேர். 2024 செப்டம்பரிலிருந்து அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம். அரிசி, வெங்காயம், சிமென்ட் மூட்டைகளோடு கோழித் தீவனத்துக்கான சரக்கும் கடல் வழியாகத்தான் வர வேண்டும். அங்கிருந்து கார் நிகோபாருக்கோ கச்சாலுக்கோ போக இன்னொரு கப்பல். வங்கக் கடலில் புயல் சின்னம் தோன்றினால் எல்லாம் நிற்கும். முட்டையிடும் பண்ணைக் கோழிக்கோ புயலானாலும் தினம் 100 கிராமுக்கு மேல் தீவனம் தேவை.

நாமக்கல் வட்டாரப் பண்ணைகளில் ஒரு கோழி ஆண்டுக்கு 300 முட்டைகளுக்கு மேல் இடுகிறது. அளந்து கலந்த தீவனமும் மின்விளக்கும் மருத்துவரும் எப்போதும் கையெட்டும் தூரத்தில் இருப்பதால் நடக்கிற காரியம் அது. தீவுகளில் இதையே செய்தால் தீவனத்தின் விலையோடு கப்பல் கூலியும் முட்டையின் தலையில் ஏறுகிறது. வங்காளக் குடியேறிகள், ராஞ்சிக்காரர்கள், தமிழர், தெலுங்கர், நிகோபாரிகள் என்று யார் வீடானாலும் கொல்லையில் பத்துக் கோழிகள் மேய்வதன் அருமை அங்கேதான் புரிகிறது. முட்டை குறைந்தால் குறைவது வீட்டுப் பிள்ளைகளின் புரதமும் வீட்டுப் பெண்ணின் கைக்காசும்.

குட்டைக்கால் அதிசயம்

இந்தத் தீவுகளுக்கென்றே ஒரு கோழி இனம் இருக்கிறது. தஞ்சைக் கல்வெட்டு மாநக்கவாரம் என்று குறிப்பிடும் நிகோபார் தீவுகளின் சொந்தக் கோழி அது. நிகோபாரி மொழியில் அதை ‘தக்நியட் ஹியூம்’ என்கிறார்கள். குட்டைக்கால் கோழி என்று பொருள். உருண்டு திரண்ட உடம்பு, கட்டையான கால்கள். பழுப்பு, கறுப்பு, வெள்ளை ஆகிய நிறங்களில் காணப்படுகிறது. பார்வைக்குப் பெரிய கவர்ச்சியில்லை. ஆனால் ஆண்டுக்கு 140 முதல் 160 முட்டைகள் இடுகிறது. கொல்லையில் மேயும் இந்திய நாட்டுக் கோழி இனங்களில் இதுவே முதலிடம் என்கிறார்கள் விஞ்ஞானிகள். தமிழ்நாட்டுக் கிராமத்தில் மேயும் சாதாரண நாட்டுக்கோழி 60, 70 முட்டைகளைத் தாண்டுவதே அபூர்வம்.

இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1978இல் இங்கே தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் (இன்றைய மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம்) இந்தக் கோழியைப் பல ஆண்டுகளாகப் பேணி ஆராய்ந்து வருகிறது. வெள்ளை லெகார்னோடு கலந்து ‘நிஷிபாரி’, பிளாக் ராக் கோழியோடு கலந்து ‘நிக்கோராக்’ என்ற கலப்பினங்களையும் உருவாக்கியிருக்கிறது. ஆனால் நல்ல இனத்தை வாங்கி வந்து கொல்லையில் அவிழ்த்துவிட்டால் மட்டும் முட்டை வந்துவிடாது. அந்த 140ஐ எட்ட வைப்பதும் 70இல் நிறுத்துவதும் வளர்ப்பவர் கையில் இருக்கிறது.

சோறும் தேங்காயும் போதுமா?

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. அதன் ஓடு 5, 6 கிராம் எடை, பெரும்பகுதி சுண்ணாம்பு. ஓட்டில் உள்ள கால்சியம் மட்டும் ஏறத்தாழ 2 கிராம். சூலகத்திலிருந்து வெளியேறிய மஞ்சள் கரு முழு முட்டையாக வெளிவர ஒரு நாள் ஆகிறது. அதில் சுமார் 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போய்விடுகிறது. இவ்வளவையும் கோழி தின்பதிலிருந்துதான் எடுக்க வேண்டும். தீனியில் இல்லாவிட்டால் தன் எலும்பிலிருந்து கொஞ்ச நாள் கொடுக்கும். பிறகு தோல்முட்டை இடும். அப்புறம் நிறுத்திவிடும்.

தீவு வீடுகளில் கோழிக்குக் கிடைப்பது பெரும்பாலும் மீந்த சோறும் தேங்காயும். நிகோபாரிகள் பன்றிக்கும் கோழிக்கும் தேங்காயைப் பங்கிட்டே பழகியவர்கள். இரண்டிலும் சக்தி உண்டு. புரதமும் சுண்ணாம்பும் குறைவு. இதையே தின்னும் கோழி கொழுக்குமே தவிர முட்டையிடாது. வயிற்றில் கொழுப்பு சேர்ந்த கோழியைப் பார்த்து ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்று வீட்டுக்காரர் ஏமாந்து போவதும் இதனால்தான்.

குறையை நிரப்பத் தீவிலேயே பொருள் இருக்கிறது. எண்ணெய் எடுத்த தேங்காய்ப் புண்ணாக்கில் 20 சதவீத அளவுக்குப் புரதம் உண்டு. ஆனால் முட்டைக்கு இன்றியமையாத லைசின், மெத்தியோனின் ஆகிய அமினோ அமிலங்கள் அதில் குறைவு. அந்தக் குறையை மீன் தீர்க்கிறது. சந்தையில் கழிக்கப்படும் தலை, குடல், சிறு மீன்களை வேக வைத்தோ உப்பில்லாமல் காய வைத்து இடித்தோ கொடுக்கலாம். உப்புக் கருவாட்டை அப்படியே போடுவது ஆபத்து. உப்பு மிகுந்தால் கோழி தண்ணீராகக் கழிந்து சாகவும் கூடும். மீனை அளவுக்கு மீறிக் கொடுத்தால் முட்டையிலும் மீன் வாடை வீசும்.

தொட்டித் தண்ணீரில் வளரும் அசோலாவைக் காய வைத்துப் பார்த்தால் 20 முதல் 25 சதவீதம் புரதம். முருங்கை, அகத்திக் கீரைகள் மஞ்சள் கருவுக்கு நல்ல நிறம் தரும். பழைய பானையில் வைக்கோல், சாணம், ஈரச் சாக்கு அடைத்து மண்ணில் கவிழ்த்து வைத்தால் கரையான் சேரும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் குஞ்சுகளுக்குத் தரும் இந்தப் பழைய விருந்து தீவு மண்ணுக்கும் ஒத்துவரும். கடலோரத்தில் தானாக வளரும் நுணா வகையான நோனியின் பழத்தைக் கோழிக்குக் கொடுத்தும் போர்ட் பிளேர் விஞ்ஞானிகள் ஆராய்ந்திருக்கிறார்கள்.

நாள் முழுவதும் மேயும் பத்துக் கோழிகளுக்குக் கைக்கணக்காக ஓர் அளவு: குருணையும் தவிடும் கால் கிலோ, தேங்காய்ப் புண்ணாக்கு 100 கிராம், உப்பில்லாத மீன் தூள் 50 கிராம். இதைக் காலையில் பாதி, மாலை அடையும் முன் பாதி கொடுத்தால் மிச்சத்தைக் கொல்லை பார்த்துக்கொள்ளும். கீரையும் அசோலாவும் இதற்கு மேல்.

சுண்ணாம்புக்குச் சிப்பி நல்லது. ஆனால் கடற்கரைக்குப் போய் வாரி வருவது இங்கே சட்டச் சிக்கல். பவளமும் பலவகைச் சங்கு, சிப்பிகளும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படுபவை. வீட்டில் உடைத்த முட்டை ஓடுகளை வறுத்துப் பொடியாக்கித் தனிக் கிண்ணத்தில் வைத்தால் போதும். எவ்வளவு தேவை என்பது கோழிக்கே தெரியும். ஓட்டைப் பெரிய துண்டுகளாகப் போட்டால் மட்டும் முட்டையைக் கொத்தித் தின்னும் கெட்ட பழக்கம் தொற்றிக்கொள்ளும். வெற்றிலைச் சுண்ணாம்பு காரமானது. அதைத் தொட வேண்டாம்.

பூஞ்சையும் இருட்டும்

தீவுகளில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்கிறது. காற்றில் எப்போதும் ஈரம். தரையில் சாத்தி வைத்த புண்ணாக்கு மூட்டை சில நாள்களில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை சுரக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு கோழியின் ஈரலைத் தாக்கி, முதலில் முட்டையைக் குறைத்து, பிறகு உயிரையே வாங்கும். வேக வைத்தாலும் இந்த நஞ்சு போகாது. மரப்பலகை மேல், சுவரை ஒட்டாமல், இரண்டு வாரத் தேவைக்கு மேல் சேர்க்காமல் வைப்பதே பாதுகாப்பு. வாடை மாறிய தீனியைக் கோழிக்குப் போட்டுத் தீர்ப்பது சிக்கனம் ஆகாது.

சுற்றிலும் தண்ணீர் இருக்கும் ஊரில் கோழிக்குத் தண்ணீர் இல்லாமல் போவதும் உண்டு. தின்பதைப் போல இரண்டு மடங்கு குடிக்கும் பிராணி அது. ஒரு நாள் தண்ணீர் தவறினாலே முட்டை தடைபடும். நிழலில், சேறாகாத பாத்திரத்தில், தினமும் மாற்றிய நல்ல தண்ணீர் வேண்டும்.

அடுத்தது வெளிச்சம். கோழியின் மூளையை எட்டும் ஒளிதான் சூலகத்தை வேலை வாங்குகிறது. நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் இருந்தால் முட்டை தடையின்றி வரும். நாட்டின் கிழக்கோரத்தில் இருந்தும் தில்லிக் கடிகாரத்தையே பின்பற்றும் தீவுகளில், டிசம்பரில் மாலை 5 மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடுகிறது. கூட்டில் இரவு 8 மணி வரை ஒரு சிறிய பல்பு எரிந்தால் வித்தியாசம் தெரியும். வெளிச்சத்தை வாரத்துக்கு அரை மணி வீதம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஒருநாள் போட்டு மறுநாள் அணைப்பதில் பயனில்லை. முட்டைப் பருவத்துக்கு வராத விடைக் கோழிக்கு இது தேவையுமில்லை.

அடைக் கோழிக் கணக்கு

நாட்டுக்கோழி முட்டை குறைவாக இடுவதற்கு இன்னொரு பெரிய காரணம் தாய்மை. ஒரு ஈட்டில் பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டதும் அடையில் உட்கார்ந்துவிடும். 21 நாள் அடை, பிறகு குஞ்சுகளோடு இரண்டு மூன்று மாதம். ஆண்டுக்கு மூன்று, நான்கு ஈடு என்றால் கணக்கு அறுபதோடு முடிந்துவிடுகிறது.

எல்லாக் கோழியும் தாயாக வேண்டியதில்லை. நல்ல அடைக் கோழி ஒன்றிடம் மற்றவற்றின் முட்டைகளையும் வைத்துவிட்டால் மீதிக் கோழிகள் முட்டை வேலையைத் தொடரும். குஞ்சுகளைச் சில வாரங்களில் பிரித்துச் சூடான இடத்தில் வளர்த்தால் தாயும் சீக்கிரம் திரும்பும். அடையைக் கலைக்க மூக்கில் இறகு செருகுவதும் தண்ணீரில் முக்குவதும் வதை. காற்றோட்டமான கம்பிக் கூண்டில், படுக்கை இல்லாமல், தீனி தண்ணீரோடு மூன்று நான்கு நாள் விட்டாலே அடை கலையும்.

நாலைந்து கோழிகளுக்கு ஒரு முட்டைப் பெட்டி, மங்கலான மூலையில், உலர்ந்த வைக்கோலோடு இருந்தால் புதருக்குள் இட்டுத் தொலைக்காது. காலையும் மாலையும் முட்டையை எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் பாம்பும் நீர் உடும்பும் முந்திக்கொள்ளும். உடும்பும் சட்டத்தின் காவலில் உள்ள பிராணி. அடிக்க முடியாது, கூட்டை உறுதியாகக் கட்டத்தான் முடியும். தரையிலிருந்து உயர்த்திய பலகைத் தளம் பகைவரையும் ஈரத்தையும் சேர்த்தே தடுக்கும். ஈரம் ரத்தக் கழிச்சலுக்கு வாசல்.

இத்தனை பாடுபட்டாலும் ஒரே வாரத்தில் கொல்லையைக் காலி செய்யக்கூடியது ராணிக்கெட் எனும் வெள்ளைக்கழிச்சல். குஞ்சுக்கு முதல் வாரத்தில் லசோட்டா அல்லது எஃப் சொட்டு மருந்து, எட்டாவது வார வாக்கில் ஆர்2பி ஊசி என்பது நடைமுறை. தமிழ்நாட்டில் கால்நடைத் துறை இதற்கென ஆண்டுதோறும் முகாம் நடத்துகிறது. தீவிலிருந்து தீவுக்குப் படகில் போகும்போது மருந்தின் குளிர்ச்சி கெடாமல் பார்ப்பதுதான் சிரமம். குளிர்ச்சி போன மருந்து வெறும் தண்ணீர். அக்கம்பக்கத்து வீடுகள் ஒரே நாளில் சேர்ந்து போட்டுக்கொண்டால் ஒரு குப்பி மருந்தும் வீணாகாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்தும் அவசியம்.

அலைக்குப் பிறகு

2004 டிசம்பர் 26 சுனாமி நிகோபார் தீவுகளின் தென்னந்தோப்புகளோடு பன்றிகளையும் கோழிகளையும் பெருமளவில் வாரிச் சென்றது. இழப்பை ஈடுகட்ட வெளியிலிருந்து கோழிகள் வந்தன. ஹைதராபாத்தில் உருவான வனராஜாவும் அவற்றில் ஒன்று. பசித்த வேளையில் அது உதவிதான். ஆனால் பல இனங்கள் ஒரே கொல்லையில் மேய்ந்தால் சில தலைமுறைகளில் குட்டைக்கால் கோழியின் ரத்தம் கரைந்து போகும். வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்கி, தேங்காயையும் பூச்சியையும் தின்று, நோயையும் ஓரளவு எதிர்த்து நிற்கும் குணம் அந்த ரத்தத்தில் இருக்கிறது.

இது தீவுக்கு மட்டுமான கவலை இல்லை. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் உள்ள 85 கோடி கோழியினப் பறவைகளில் கொல்லைப்புறத்தில் வளர்பவை சுமார் 32 கோடி; முந்தைய கணக்கெடுப்பைவிட 46 சதவீதம் அதிகம். ஆண்டுக்குத் தலைக்கு 180 முட்டை வேண்டும் என்று சத்துணவு வல்லுநர்கள் சொல்கிறார்கள். 2023-24இல் கிடைத்தது 103.

அந்த இடைவெளியில் ஒரு பகுதியைக் கொல்லைக் கோழிகள் நிரப்ப முடியும். ஆண்டுக்குக் கோழிக்கு அறுபது என்பது நூறானால் பத்துக் கோழி வைத்திருக்கும் வீட்டுக்கு 400 முட்டை கூடுதல். கச்சாலில் ரப்பர் தோட்டத்துக்காகக் குடியமர்த்தப்பட்ட தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பத்துக்கும் கார் நிகோபாரின் கூட்டுக் குடும்பத்துக்கும் அந்தக் கணக்கு ஒன்றுதான். கொஞ்சம் மீன் தூள், கொஞ்சம் முட்டை ஓடு, நல்ல தண்ணீர், ஒரு பல்பு, நேரத்துக்கு ஓர் ஊசி. இவற்றில் ஊசி மருந்துக்கும் பல்புக்கும் மட்டுமே கப்பலை எதிர்பார்க்க வேண்டும்.