யன்னலும் சோளகக் காற்றும்

வீட்டிற்குப் புதிய யன்னல் என்றவுடன் இந்நாளில் எல்லோர் நாவிலும் வருவது அலுமினியச் சட்டமும் கண்ணாடியுமேயாம். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளிற் சிறிது தூரம் நடந்தால், பழைய கல்வீடுகளின் மரயன்னல்கள் கழற்றப்பட்டு மதிலோரம் சாத்தப்பட்டிருப்பதைக் காணலாம். எமது வீட்டிற்கும் சென்ற ஆண்டு அந்த வேளை வந்தது.

பாட்டனார் வைத்த யன்னல்கள் எட்டு. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது வீட்டைப் பூட்டிச் சென்ற நாம், மறு ஆண்டு திரும்பி வந்தபோது மூன்றைக் காணவில்லை. நிலையோடு பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். அவ்விடங்களைத் தந்தையார் அகப்பட்ட பலகைகளால் அடைத்துவைத்தார். தற்காலிகமாகச் செய்த அந்த வேலை அவர் காலத்திற்குப் பின்னும் நின்று, இப்போதுதான் உக்கத் தொடங்கியது.

கனடாவிலுள்ள தமையனார் எட்டையுமே அகற்றிவிட்டு இழுவை யன்னல் போடும்படி பணம் அனுப்பினார். தாயார் உடன்படவில்லை. “கண்ணாடி வெயிலை உள்ளே விடும், காற்றை விடாது, தம்பி” என்றார். வயதானவர்களின் பிடிவாதமென்றே நாமும் முதலில் எண்ணினோம். பின்னர் ஒரு கடதாசியில் கணக்குப் பார்த்தோம். நாலடிக்கு நாலடியான யன்னலின் பரப்பு 16 சதுர அடி. பிணைச்சலில் திறக்கும் யன்னல் ஏறக்குறைய அவ்வளவையும் காற்றிற்குக் கொடுக்கும். இரண்டு கண்ணாடிகளைக் கொண்ட இழுவை யன்னலிலோ ஒன்று மற்றதன் பின்னே போய் நிற்பதால் கிடைப்பது 8 சதுர அடியே. வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் சோளகத்தை நம்பி உறங்கும் அறைக்கு இது சிறிய இழப்பன்று. வெயில் நேரே விழும் கண்ணாடி, ஒளியை உள்ளே விட்டு வெப்பத்தை அறைக்குள்ளேயே தங்கவைக்கும் என்பதை விஞ்ஞான மாணவர்கள் அறிவர்.

பழைய யன்னலில் மேலே ஒரு சோடி, கீழே ஒரு சோடியாக நான்கு கதவுகள் உண்டு. கீழ்க்கதவுகளைச் சாத்தி மேற்கதவுகளைத் திறந்துவிட்டால் தெருவிற் போவோர் கண்ணுக்கு அறை மறைந்திருக்கும். காற்றோ தடையின்றி வரும். திரைச்சீலைக்கு இந்தச் சாமர்த்தியம் இல்லை. காற்று வந்தால் அதுவே முதலில் விலகிக்கொள்ளும்!

ஆயினும் அலுமினியத்தை இகழ்வதற்கில்லை. அது உக்காது, கறையானுக்கு இரையாகாது, நுளம்புவலை பொருத்துவதும் எளிது. மாரிகாலத்து டெங்குக் காய்ச்சலை நினைத்தால் இது பெரிய நன்மை. வாங்குவோர் கவனிக்கவேண்டியது ஒன்று: கீழ்த் தண்டவாளத்தில் நீர் வெளியேறத் துளைகள் இருக்கவேண்டும். இல்லையேல் வாடைக்காற்றோடு வரும் மழை அங்கே தேங்கி அறைக்குள் வழியும். செம்மண் புழுதி அத்துளைகளை அடைத்துவிடுமாதலால் மாரிக்கு முன் துப்புரவாக்குதலும் வேண்டும்.

எஞ்சிய ஐந்து மரயன்னல்களையும் ஓடாவியார் ஒருவர் வந்து பார்த்தார். நிலையின் அடிச்சட்டத்தில் ஓர் ஆணியால் ஆங்காங்கே குத்தினார். மழைநீர் தங்கும் அவ்விடத்திலேயே உக்கல் பெரும்பாலும் தொடங்குமாம். நான்கில் ஆணி இறங்கவில்லை. ஒன்றில் மட்டும் சாணிக்குள் இறங்குவதுபோல் இறங்கிற்று. அதற்கும் அடிச்சட்டத்தை மாற்றினாற் போதுமென்றார். முழு நிலையையும் பெயர்த்தால் பழைய சுண்ணாம்புச் சுவரும் சேர்ந்து உடையும் என்ற அவருடைய எச்சரிக்கை, தமையனாருக்கு எழுதுவதற்கு எமக்கு மிகவும் உதவியது.

ஆகவே வெறுமையான மூன்றிடங்களில், அடுக்களைக்கும் படிப்பறைக்கும் அலுமினியம் போட்டோம். தாயாரின் தெற்கு அறைக்கு, வளவில் விழுந்த வேம்பை அரிந்து மரயன்னல் செய்வதென்று தீர்மானித்தோம். ஈரமரத்தில் செய்தால் பின்னர் சுருங்கி இடைவெளி விழுமென்று ஓடாவியார் பலகைகளை நிழலில் அடுக்கி, மாதக்கணக்கிற் காத்திருக்கச் செய்தார். தமையனார் தொலைபேசியில் இருமுறை கோபித்துக்கொண்டார்.

யன்னல் பூட்டிய அன்று பிற்பகல் தாயார் மேற்கதவுகள் இரண்டையும் தாமே திறந்து, அதன் கீழ்க் கட்டிலில் அயர்ந்துவிட்டார். அதைப் படம்பிடித்துத் தமையனாருக்கு அனுப்பினோம். தமக்கும் அந்த அறையில் ஒரு பாய் விரித்துவைக்கும்படி மறுமொழி வந்தது.