ஒரு சமக்குறி குறைந்தால்

சி மொழியில் எழுதும் சிலர், வயது பதினெட்டா என்று சோதிக்க "வயது == 18" என்று எழுதுவதில்லை. "18 == வயது" என்று தலைகீழாக எழுதுகிறார்கள். புதிதாகச் சேர்ந்த குழுவில் இப்படித்தான் எழுத வேண்டும் என்கிறார்கள், இதனால் என்ன லாபம் என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். இந்த வழக்கத்துக்கு 'யோடா கண்டிஷன்' என்று பெயர். 'ஸ்டார் வார்ஸ்' படங்களில் சொற்களை முன்பின்னாக மாற்றிப் பேசும் குரு யோடாவின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

லாபம் உண்டு. சி-யில் ஒற்றைச் சமக்குறி, மாறிக்குள் மதிப்பை வைக்கும். இரட்டைச் சமக்குறிதான் ஒப்பிடும். அவசரத்தில் ஒரு குறி விட்டுப்போய் "வயது = 18" என்றாகிவிட்டால் கம்பைலர் பிழை என்று நிறுத்தாது. உள்ளே வைத்த மதிப்பையே சோதனையின் விடையாக எடுத்துக்கொள்ளும். பூஜ்யம் அல்லாத எதுவும் சி-க்கு 'உண்மை'. ஆக, வந்தவர் எல்லோரும் தேர்வாகிவிடுவார்கள். போதாக்குறைக்கு எல்லோருடைய வயதும் 18 ஆகிவிடும். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வரச் சொன்னால், சாவி போட்டுத் திறந்துவிட்டு வந்த கதைதான். திருப்பி எழுதும் பழக்கம் இருந்தால் அது "18 = வயது" என்றாகும். எண்ணுக்குள் எதையும் வைக்க முடியாது என்று கம்பைலர் அங்கேயே மறித்துவிடும்.

அல்கால், பிசிபிஎல் போன்ற மூத்த மொழிகளில் மதிப்பை வைக்க ":=" என்ற குறி இருந்தது. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் 'பி' மொழியை உருவாக்கியபோது அதை "=" என்று சுருக்கினார். அது சி-க்கும் வந்தது. ரசனை சார்ந்த அந்த முடிவு இன்னும் சர்ச்சைக்கு உரியதாகவே இருக்கிறது என்று சி-யை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சியே 1993-இல் எழுதினார்.

அந்த ஒற்றைக் குறியை ஆயுதமாக்கவும் ஒருவர் முயன்றார். 2003 நவம்பரில், லினக்ஸ் கர்னலின் நகல் ஒன்றில் யாரோ இரண்டே வரிகளைச் செருகியிருந்தார்கள். 'வெயிட்4' என்ற அழைப்பில், வழக்கத்தில் இல்லாத இரு தேர்வுகளை ஒருசேரக் கொடுத்து, அழைப்பவரின் பயனர் எண்ணும் பூஜ்யமாக இருந்தால் பிழை காட்டு என்பதுபோல் அது தோன்றியது. பூஜ்யம் என்றால் ரூட், அந்தக் கணினியின் சர்வாதிகாரி. ஆனால் அங்கே இருந்தது ஒற்றைச் சமக்குறி. அந்த இரு தேர்வுகளோடு அழைப்பவர் யாராக இருந்தாலும் அந்தக் கணமே ரூட் ஆகிவிடுவார். வைத்த மதிப்பு பூஜ்யம் என்பதால் சோதனை 'பொய்' ஆகிவிடும். பிழைச் செய்தியும் வராது. கம்பைலரின் எச்சரிக்கையும் எழாது. அந்த இடத்தில் இலக்கணப்படி தேவைப்பட்ட அடைப்புக்குறியே, தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள் என்று கம்பைலரை நம்பவைத்துவிடும்.

எண்ணை வலப்பக்கம் வைப்பதே லினக்ஸின் வழக்கம் என்பதால் அந்த வரி கண்ணையும் உறுத்தாது. மூலத் தொகுப்பில் பதிவே இல்லாத மாற்றம் நகலில் இருந்ததால்தான் அது அகப்பட்டது. செருகியவர் யார் என்பது கடைசிவரை வெளிவரவில்லை.

வேர்ட்பிரஸ் தன் பிஎச்பி நிரல்களுக்குத் தலைகீழ் வரிசையைக் கட்டாயமாக்கியது. லினக்ஸின் சரிபார்ப்பு ஸ்கிரிப்டோ எண்ணை வலப்பக்கம் வை என்று கண்டிக்கிறது. படிக்கிறவருக்கு எது எளிது என்பதில் இரு தரப்பும் இன்னும் உடன்படவில்லை. இரு பக்கமும் மாறிகளாக இருந்தால் யோடாவாலும் காப்பாற்ற முடியாது என்பதை மட்டும் யாரும் மறுப்பதில்லை.

உண்மையான காவல் கம்பைலரின் எச்சரிக்கைதான். ஜிசிசி கம்பைலரில் '-டபிள்யூஆல்' என்று ஒரு சொல் சேர்த்தால், சோதனைக்குள் தனியாக நிற்கும் ஒற்றைச் சமக்குறியை அது சுட்டிக்காட்டும். நம் கல்லூரி ஆய்வகங்களில் நெடுங்காலம் ஓடிய டர்போ சி-யும் இதைச் சொன்னது. ஆனால் பிழை பூஜ்யம் என்று வந்துவிட்டால், பக்கத்தில் இருக்கும் எச்சரிக்கை எண்ணைப் பார்க்காமலே ஓட்டிவிடும் பழக்கம் அங்கேயே ஊறிவிட்டது. ரெக்கார்டு நோட்டில் விடை சரியாக இருந்தால் போதும் என்று மதிப்பெண் போடுகிற வரையில் அது மாறாது. எச்சரிக்கை ஒன்றுகூட இல்லாத நிரலுக்குத்தான் முழு மதிப்பெண் என்று எந்த ஆசிரியரும் நாளையே அறிவிக்கலாம். அதற்குச் செலவில்லை.

அந்த வாசகி தன் குழு சொல்லும் வரிசையிலேயே எழுதட்டும். ஒரே குழுவில் இரண்டு வழக்கம் இருப்பதுதான் ஆபத்து. '-டபிள்யூஆல்' சொல்லோடு '-டபிள்யூஎரர்' என்பதையும் சேர்த்துக்கொண்டால், எச்சரிக்கை வந்தாலே நிரல் உருவாகாது. சோதனைக்குள் மதிப்பை வைத்தே ஆக வேண்டிய கட்டாயம் வந்தால், அதை மேலே தனி வரியில் எழுதிவிட்டுக் கீழே ஒப்பிடலாம். கார்களுக்குள் ஓடும் சி நிரல்களுக்காக வகுக்கப்பட்ட மிஸ்ரா விதிகளும் அதைத்தான் கேட்கின்றன.