ஊர்க் காசுக்குக் கணக்கு

"ஏன்டா, வருசா வருசம் வீட்டு வரி கட்டுறோமே, அந்தக் காசு எங்கடா போகுது?" அரியக்குடி வீட்டுத் திண்ணையில் அப்பத்தா கேட்டாக. எனக்குப் பதில் தெரியலை. தேடிப் படித்தேன்.

நண்பர்களே! வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், அரசு தரும் நிதி, இவை சேர்ந்ததுதான் ஊரின் கஜானா. தெருவிளக்கு, தண்ணீர், குப்பை அள்ளுவது எல்லாம் அதிலிருந்துதான். 1994-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி, தலைவர் மட்டும் கையெழுத்துப் போட்டுப் பணம் எடுக்க முடியாது. துணைத் தலைவரும் போடணும். ஒரே பெட்டிக்கு இரண்டு சாவி மாதிரி!

கிராம சபையில் வரவு செலவை வாசிக்கணும். 2022 முதல் இது ஆண்டுக்கு 6 நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் யாரும் கேள்வி கேட்கலாம். மாநகராட்சிகளில் பகுதி சபை இருக்கு.

"கணக்குக் கேட்டா சண்டைக்காரின்னு சொல்லுவாகளே!" என்று அப்பத்தா தயங்கினாக.

உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொன்னேன். முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைத் தேர்தலில் நிற்க முடியாது!

"அம்புட்டுக் கண்டிப்பா? அப்ப நானும் கேக்குறேன்டா" என்றாக.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லுங்கள்!