மெர்ஜ் ஆகிவிட்டது, ஆனால் ஸ்னோஃப்ளேக்கில் பழசுதான் ஓடுகிறது

ஸ்னோஃப்ளேக்கோடு கிட் ரெபாசிட்டரியை இணைப்பவர்கள் இரண்டு விதமாக மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று, சிவப்பு எழுத்தில் பிழை வந்து வேலை நின்றுபோவது. இன்னொன்று, பிழையே வராமல் பழைய கோடு ஓடிக்கொண்டிருப்பது. எல்லாரும் உதவி தேடுவது முதலாவதுக்கு. நான் பயப்படுவது இரண்டாவதுக்கு. ஆனால் முதலாவதைத் தாண்டாமல் அங்கே போக முடியாது, அதனால் வரிசையாகவே போவோம்.

சிங்க் என்பதே கொஞ்சம் ஏமாற்றுகிற வார்த்தை. இந்தப் பக்கம் மாற்றினால் அந்தப் பக்கம் தானாக மாறிடும் என்று நினைக்க வைக்கிறது. ஸ்னோஃப்ளேக்கில் கிட் ரெபாசிட்டரி என்று நீங்க உருவாக்குவது, கிட்ஹப்பிலோ கிட்லேபிலோ இருக்கும் அசலின் முழு நகல். பிராஞ்ச், டேக், கமிட் எல்லாம் அதற்குள் இருக்கும். ஆனால் அது எடுத்த நேரத்து நகல். அசலில் யார் எதை மெர்ஜ் செய்தாலும், 'ஆல்டர் கிட் ரெபாசிட்டரி' கட்டளையில் 'ஃபெட்ச்' சொல்கிற வரை இதற்குத் தெரியாது. ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறோம். அப்புறம் கார்டில் பெயர் சேர்த்தால் ஜெராக்ஸில் பெயர் வந்துடாது, இல்லையா? அவ்வளவுதான் விஷயம்.

சரி, சத்தம் போடுகிற பிழைகள். இணைப்புக்கு மூன்று பொருட்கள் வேண்டும். எந்த முகவரிகளுக்குப் போகலாம் என்று சொல்லும் ஏபிஐ இன்டெக்ரேஷன், பயனர் பெயரும் டோக்கனும் வைக்கும் சீக்ரெட், இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டும் கிட் ரெபாசிட்டரி. எது தப்பாக இருந்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி 'அணுக முடியவில்லை, அனுமதியில்லை' என்றுதான் செய்தி வரும். அதிலும் கிட்ஹப்புக்கு ஒரு பழக்கம் உண்டு. உங்களுக்கு உரிமை இல்லாத பிரைவேட் ரெபாசிட்டரியைக் கேட்டால், 'உரிமை இல்லை' என்று சொல்லாமல் 404, அதாவது 'அப்படி ஒன்றே இல்லை' என்று சொல்லிவிடும். இப்படி ஒன்று இருக்கிறது என்பதே வெளியே தெரியக்கூடாது என்பதற்காக வேண்டுமென்றே செய்தது. அது தெரியாதவர் யூஆர்எல்லை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பிழையை இரண்டாகப் பிளக்க ஒரு சோதனை போதும். அதே யூஆர்எல், அதே பயனர் பெயர், அதே டோக்கனை வைத்து உங்க லேப்டாப்பிலிருந்து 'கிட் எல்எஸ்-ரிமோட்' ஓட்டிப் பாருங்க. அங்கேயும் விழுந்தால் ஸ்னோஃப்ளேக் பக்கம் திரும்பிப் பார்க்கவே வேண்டாம். ஒரு எச்சரிக்கை: லேப்டாப்பில் ஏற்கெனவே சேமித்து வைத்த வேறொரு டோக்கனை கிட் சத்தமில்லாமல் எடுத்துப் பயன்படுத்திவிடும். கிரெடென்ஷியல் ஹெல்ப்பரை அணைத்துவிட்டுச் சோதித்தால்தான் அந்த முடிவுக்கு மதிப்பு.

டோக்கன் பக்கம் விழுந்தால் பார்க்க வேண்டியது சில விஷயங்கள்தான். சீக்ரெட்டில் அந்த இடத்துக்குப் பெயர் 'பாஸ்வேர்ட்' என்று இருப்பதால் கிட்ஹப் பாஸ்வேர்டையே போடுபவர்கள் இன்றைக்கும் உண்டு. 2021 ஆகஸ்ட் 13-லிருந்து கிட் வேலைகளுக்குக் கணக்கின் பாஸ்வேர்டை கிட்ஹப் ஏற்பதில்லை. பெர்சனல் ஆக்சஸ் டோக்கன்தான் வேண்டும். ஃபைன்-கிரெயின்டு டோக்கன் என்றால், அதன் உரிமையாளராக உங்க பெயரை அல்ல, நிறுவனத்தின் கணக்கைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். அந்த ரெபாசிட்டரியைச் சேர்த்து, கன்டென்ட்ஸைப் படிக்கும் உரிமையும் கொடுத்திருக்க வேண்டும். நிறுவனத்தின் நிர்வாகி ஒப்புதல் தரும்வரை டோக்கன் காத்திருப்பிலேயே கிடக்கலாம். கிளாசிக் டோக்கன் என்றால், சிங்கிள் சைன்-ஆன் உள்ள நிறுவனங்களில் அந்த டோக்கனைத் தனியாக அங்கீகரிக்க வேண்டும். இந்த ஒரு பட்டனை அழுத்தாமல் போன நாட்கள் நிறைய.

அதைவிட முக்கியம், அது யாருடைய டோக்கன் என்பது. அவசரத்துக்கு யாரோ ஒரு இன்ஜினியர் தன் சொந்த டோக்கனைப் போட்டு இணைத்துவிடுவார். ஒரு வருஷம் ஒழுங்காக ஓடும். அவர் வேலையை விட்டுப் போன வாரம், காரணமே தெரியாமல் ஃபெட்ச் நின்றுபோகும். மனிதரோடு சேராத ஒரு சர்வீஸ் கணக்கில் டோக்கன் எடுப்பதுதான் சரி. காலாவதியாகும் தேதியையும் குழுவின் காலண்டரில் போட்டு வையுங்க.

புது டோக்கன் மாற்றும்போது 'கிரியேட் ஆர் ரிப்ளேஸ் சீக்ரெட்' போடாதீங்க. அது பழைய சீக்ரெட்டை அழித்துவிட்டுப் புதுசாகச் செய்வது. அதன் மேல் கொடுத்திருந்த உரிமைகள் எல்லாம் கூடவே போயிடும். டோக்கன் சரியாக இருக்கும், ஆனால் நேற்று வரை வேலை செய்த ரோல் இன்றைக்குத் தடுமாறும். 'ஆல்டர் சீக்ரெட்' போட்டு அந்த ஒரு மதிப்பை மட்டும் மாற்றினால் இந்தத் தொல்லை இல்லை.

லேப்டாப்பில் வேலை செய்து ஸ்னோஃப்ளேக்கில் மட்டும் விழுந்தால், யூஆர்எல் எஸ்எஸ்ஹெச் வடிவத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்க. இங்கே ஹெச்டிடிபிஎஸ் மட்டும்தான். அடுத்து, இன்டெக்ரேஷனில் அனுமதித்த முகவரி முன்னொட்டுக்குள் உங்க யூஆர்எல் வருகிறதா, அனுமதித்த சீக்ரெட்டுகளின் பட்டியலில் உங்களுடையது இருக்கிறதா என்று பாருங்க. சீக்ரெட் வேறொரு டேட்டாபேஸில் இருந்தால் அந்த டேட்டாபேஸுக்கும் ஸ்கீமாவுக்கும் யூஸேஜ் உரிமை தனியாக வேண்டும். இது அடிக்கடி மறந்துபோவது. கம்பெனி ஃபயர்வால் தெரிந்த ஐபிக்களை மட்டும் உள்ளே விட்டாலும் இதே அறிகுறிதான். கோப்புகளைப் பார்க்க முடிகிறது, ஃபெட்ச் மட்டும் முடியவில்லை என்றால், அந்த ரோலுக்கு ரீட் இருக்கிறது, ரைட் இல்லை என்று அர்த்தம். எதுவும் பிடிபடாமல் அக்கவுன்ட்அட்மின் ரோலிலேயே எல்லாவற்றையும் ஓட்டிவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பூட்டு திறக்கவில்லை என்று கதவையே கழற்றி வைப்பது.

இப்போது அமைதியான சிக்கல். ஒரு விற்பனை அறிக்கை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்க. திரும்பி வந்த சரக்கின் மதிப்பை மொத்தத்திலிருந்து கழிக்காமல் விட்ட வியூ ஒன்று. தப்பைக் கண்டுபிடித்து, திருத்தி, ரிவ்யூ முடித்து, காலையில் மெயின் பிராஞ்சில் மெர்ஜ் பண்ணியாச்சு. இரவு டாஸ்க், ரெபாசிட்டரியின் பிராஞ்சஸ், மெயின் என்ற பாதையிலிருந்து 'எக்ஸிக்யூட் இமீடியட் ஃப்ரம்' போட்டு ஸ்கிரிப்டை ஓட்டுகிறது. ஃபெட்ச் யாரும் போடவில்லை. ஸ்கிரிப்ட் இருக்கிறது, ஓடுகிறது, பச்சை விளக்கு எரிகிறது. மறுநாள் காலை மேலாளர் கையில் போவது பழைய, வீங்கிய தொகை. எல்லாரும் திருத்தியாச்சு என்று நம்பிக்கொண்டிருப்பதால் இந்த முறை யாரும் சந்தேகப்படக்கூட மாட்டார்கள். திருத்துவதற்கு முன்பு இருந்ததைவிட மோசமான நிலை இது.

ஃபெட்ச் போட்டாலும் பாதிதான் முடிந்தது. ஃபெட்ச் கோப்பைக் கொண்டுவரும்; டேட்டாபேஸில் ஏற்கெனவே இருக்கும் வியூவைத் தொடாது. அந்த ஸ்கிரிப்ட் மறுபடி ஓடினால்தான் வியூ மாறும். ஆக மூன்று இடங்கள்: அசலில் இருக்கும் கமிட், நகலில் இருக்கும் கமிட், டேட்டாபேஸில் உண்மையாக இருக்கும் வியூ. முதல் இரண்டும் ஒன்றா என்று பார்க்க, 'ஷோ கிட் பிராஞ்சஸ்' தரும் கமிட் ஹாஷை கிட்ஹப்பில் தெரியும் ஹாஷோடு ஒப்பிட்டால் போதும். மூன்றாவதுக்கு 'கெட் டிடிஎல்' போட்டு வியூவின் வரையறையைப் படிக்க வேண்டும்.

தினமும் ஒருவர் உட்கார்ந்து ஒப்பிடப் போவதில்லை. அதனால் நான் பிராஞ்ச் பாதையிலிருந்து ஓட்டுவதையே தவிர்க்கச் சொல்வேன். அதே நகலில் கமிட்ஸ் என்றொரு பாதையும் உண்டு. அதில் முழு ஹாஷையும் கொடுத்து ஸ்கிரிப்டை ஓட்டலாம். மெயின் என்ற பெயர் எப்போதும் ஏதோ ஒரு கமிட்டைக் காட்டிக்கொண்டே இருக்கும், பழசோ புதுசோ. ஹாஷ் அப்படி இல்லை. அந்தக் கமிட் இன்னும் ஃபெட்ச் ஆகவில்லை என்றால் கோப்பு கிடைக்காது, வேலை நின்றுபோகும், பிழை வரும். நமக்கு வேண்டியதும் அந்தப் பிழைதான். கிட்ஹப் ஆக்ஷன்ஸில் மெர்ஜ் ஆனதும் ஸ்னோஃப்ளேக்கின் கமாண்ட் லைன் கருவியில் ஃபெட்ச் போட்டு, அந்த மெர்ஜின் ஹாஷையே பாதையில் கொடுத்து ஓட்டினால் இரண்டு வேலையும் ஒரே மூச்சில் முடிந்துவிடும். யாராவது ஃபோர்ஸ் புஷ் செய்து வரலாற்றை மாற்றினால், அசலில் இல்லாமல்போன கமிட்டை ஃபெட்ச் நகலிலிருந்தும் நீக்கிவிடும். அப்போதும் பிழையாகத்தான் தெரியவரும்.

பிராஞ்ச் பெயரில் சாய்கோடு இருந்தால் மட்டும் பாதையில் அந்தப் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் போடணும். இல்லாவிட்டால் அதை உள் ஃபோல்டர் என்று எடுத்துக்கொள்ளும்.

கடைசியாக ஒரு சின்ன ஏற்பாடு. ஸ்கிரிப்டை ஓட்டும்போதே வியூவின் கமென்ட்டில் அந்தக் கமிட் ஹாஷையும் எழுதி வைத்துவிடுங்க. 'யூஸிங்' பகுதி வழியாக ஹாஷை உள்ளே அனுப்பலாம், ஜிஞ்ஜா டெம்ப்ளேட் அதை நிரப்பிக்கொள்ளும். அடுத்த முறை தொகை இடிக்கிறதே என்று யாராவது கேட்டால், வியூ எந்தக் கமிட்டிலிருந்து வந்தது என்பதை ஒரு 'ஷோ வியூஸ்' சொல்லிவிடும்.