'ரெவ்': ஒரு சிறு சொல்லின் நெடிய சுழற்சி

புதிய காரின் முகப்பில் வேகத்தைக் காட்டும் வட்டத்திற்கு அருகே மற்றொரு வட்டமும் இருப்பதை நம்மில் பலர் கண்டிருப்போம். அதில் ஒன்று முதல் ஏழு அல்லது எட்டு வரை எண்கள் இருக்கும். இறுதி எண்களைச் சிவப்புக் கோடு ஒன்று தழுவி நிற்கும். எந்திரம் ஒரு நிமிடத்தில் எத்தனை ஆயிரம் முறை சுழல்கிறது என்பதை அவ்வட்டம் கூறுகிறது. அச்சுழற்சி ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் வழங்கும் சுருக்கப் பெயரே 'ரெவ்'. வண்டியை நிறுத்திவைத்துக்கொண்டே எந்திரத்தை உறுமச் செய்வதற்கும் அச்சொல்லே வினையாகிறது. அதைத்தான் நம் இளைஞர்கள் 'முறுக்குவது' என்கிறார்கள்.

மூன்றே எழுத்துகளில் ஆங்கிலேயர் எழுதும் இச்சிறு சொல், எந்திரங்கள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தன் பயணத்தைத் தொடங்கிவிட்டது. அதன் சுற்றத்தார் சிலர் வங்கிக்குள்ளும் இருக்கின்றனர்.

விண்ணிலிருந்து எந்திரத்திற்கு

'ரெவ்' என்பது 'ரெவல்யூஷன்' என்னும் நீண்ட சொல்லின் தலைப்பகுதி. 'எல்லாருக்கும்' என்று பொருள்படும் 'ஆம்னிபஸ்' என்ற சொல் தேய்ந்து 'பஸ்' ஆனதைப் போலவே, மோட்டார் வாகனங்கள் பரவத் தொடங்கிய காலத்தில் இச்சொல்லும் நறுக்கப்பட்டது. மூலச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. 'வால்வெரே' என்றால் உருட்டுதல். 'ரே' என்னும் முன்னொட்டு 'திரும்பவும்' என்ற பொருளைத் தரும். உருண்டு மீண்டும் பழைய இடத்திற்கே வருதல் என்பதே முழுப்பொருள்.

இச்சொல்லை முதலில் ஆண்டவர்கள் வானியலார். கோப்பர்நிக்கஸ் 1543-இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலின் தலைப்பே விண்கோளங்களின் சுழற்சிகளைக் குறிப்பதுதான். பூமி ஞாயிற்றைச் சுற்றுகிறது என்று கூறிய அந்நூல், மனிதரின் எண்ணத்தையே புரட்டிப் போட்டது. பின்னர் இச்சொல் அரசியலுக்குள் நுழைந்தது. இங்கிலாந்தில் 1688-இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் அரியணை இழந்ததும், பிரான்சில் 1789-இல் மக்கள் கிளர்ந்தெழுந்ததும் இப்பெயராலேயே அழைக்கப்பட்டன.

தமிழ் இங்கு நம்மை வியக்கவைக்கிறது. 'புரட்சி' என்பது 'புரள்', 'புரட்டு' என்னும் வேர்களிலிருந்து வந்தது. உருளுதலையும் ஆட்சி மாற்றத்தையும் ஒரே வேரில் கண்டவர்கள் இலத்தீன் வழிவந்தோர் மட்டுமல்லர் என்பது இதனால் விளங்கும்.

ஒரே குடும்பம், ஒரே தோற்றம்

'வால்வெரே' குடும்பம் பெரியது. சுருட்டி வைக்கப்பட்ட ஓலை போன்ற ஏட்டுச்சுருளைக் குறித்த சொல்லே நூலின் தொகுதியைக் குறிக்கும் 'வால்யூம்' ஆயிற்று. வளைந்து கவிந்த கூரையுடைய நிலவறையைக் குறித்த 'வால்ட்' என்ற சொல், இன்று வங்கியின் பாதுகாப்புப் பெட்டக அறைக்குப் பெயராக நிற்கிறது. நம் நெடுஞ்சாலைகளில் ஓடும் 'வால்வோ' பேருந்தின் பெயருக்கு இலத்தீனில் 'நான் உருள்கிறேன்' என்று பொருள். அது முதலில் உருளைத் தாங்கிகளுக்காகப் பதிவுசெய்யப்பட்ட பெயர் என்பதும் பொருத்தமே.

தோற்றத்தால் ஒத்திருப்பவை எல்லாம் உறவாகிவிடா. கிறித்தவப் போதகர்களின் பெயருக்கு முன் இடப்படும் 'ரெவ்.' என்பது மதித்து அஞ்சுதலைக் குறிக்கும் வேறொரு வேரிலிருந்து வந்தது. வருவாயைக் குறிக்கும் 'ரெவென்யூ' என்பதோ 'திரும்பி வருதல்' என்னும் பொருளுடைய சொல்லின் வழித்தோன்றல். போட்ட முதல் திரும்பி வருவதே வருவாய் என்று கருதியவர்கள் தந்த பெயர் அது.

எந்திரத்தினுள் நிகழ்வது

நிக்கோலஸ் ஓட்டோ 1876-இல் உருவாக்கிய நான்கடி எந்திரத்தின் முறையிலேயே இன்றைய பெட்ரோல் வாகனங்கள் பெரும்பாலும் இயங்குகின்றன. உருளைக்குள் பிஸ்டன் கீழிறங்கி எரிபொருள் கலந்த காற்றை உறிஞ்சுகிறது. மேலேறி அதை அழுத்துகிறது. அது பற்றியெரிய, மீண்டும் கீழே தள்ளப்படுகிறது. பின்னர் மேலேறிப் புகையை வெளியேற்றுகிறது. இந்நான்கு அசைவுகள் நிறைவேறுவதற்குள் கிராங்க் தண்டு இருமுறை சுழன்றுவிடும். நிமிடத்திற்கு 3,000 சுழற்சி என்றால் நொடிக்கு 50 சுழற்சி. அதாவது ஒவ்வோர் உருளையிலும் நொடிக்கு 25 முறை தீ மூள்கிறது.

சுழற்சி கட்டுக்குள் இருத்தல் வேண்டும் என்பதை நீராவிக் காலத்திலேயே உணர்ந்திருந்தனர். ஜேம்ஸ் வாட் 1788-இல் தம் எந்திரத்தில் பொருத்திய சுழலும் இரு குண்டுகள், வேகம் மிகும்போது விரிந்து நீராவியின் வழியைக் குறுக்கும். வேகம் குறையும்போது தாழ்ந்து வழியை அகலமாக்கும். இன்றைய வாகனங்களில் அப்பணியை மின்னணுக் கருவி செய்கிறது. சிவப்புக் கோட்டைத் தாண்டினால் உதிரிபாகங்கள் தாங்கா என்பதால் எரிபொருளையே அது நிறுத்திவிடும்.

மிகுதியான சுழற்சி மிகுதியான பயன் அன்று. வாகனக் கடன் பெற்று வண்டி வாங்குவோர், விவரக் கையேட்டில் இழுவிசை எத்தனை சுழற்சியில் உச்சம் பெறுகிறது என்று பார்ப்பது நன்று. பல கனரக டீசல் லாரிகள் 1,200 முதல் 1,600 சுழற்சிக்குள்ளேயே முழு இழுவிசையைத் தந்துவிடுகின்றன. பாரத்தை இழுப்பதற்கு உறுமல் தேவையில்லை. கியர் இணையாத நிலையில் எந்திரத்தை எவ்வளவு முறுக்கினாலும் எரிபொருள் எரியும், ஒலி எழும், உதிரிபாகம் தேயும். வண்டி ஓர் அங்குலமும் நகராது.

பணமும் சுழலும்

நாம் அவசரத்திற்குப் பணம் 'புரட்டுகிறோம்'. அங்கும் புரளுதலே வேர். வணிகர்களுக்கு வங்கிகள் வழங்கும் ரொக்கக் கடன், எடுப்பதும் கட்டுவதுமாகச் சுழலும் ஏற்பாடு. சரக்கு வாங்கப் பணம் போகிறது, விற்றபின் திரும்புகிறது, மீண்டும் போகிறது. மகளிர் தன்னுதவிக் குழுக்களின் 'சுழல் நிதி'யும் அத்தகையதே. ஒருவர் தையல் எந்திரம் வாங்கித் திருப்பிக் கட்டிய தொகை, அடுத்தவருக்குக் கறவை மாடாகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குடும்பம் ஓரடி முன்னேறுகிறது. இது கியர் இணைந்த சுழற்சி.

கடன் அட்டையில் நிலுவையை முழுமையாகக் கட்டாமல் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவரும்போது தோன்றுவதும் சுழல்கடன்தான். அதன் தன்மையை ஒரு கணக்கால் அறியலாம். நிலுவை ரூ. 20,000, மாத வட்டி 3.5 விழுக்காடு; கட்டவேண்டிய குறைந்தபட்சத் தொகை ரூ. 1,000 என்று கொள்வோம். முதல் மாத வட்டி ரூ. 700. அவ்வட்டியின் மீது 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி ரூ. 126. ஆக, நாம் கட்டிய ஆயிரத்தில் ரூ. 826 அவற்றுக்கே போகிறது. கடனில் குறைவது ரூ. 174 மட்டுமே. பணம் எரிகிறது, கடனோ நின்ற இடத்திலேயே நிற்கிறது.

இதற்கு மேலும் ஒன்றுண்டு. முந்தைய நிலுவை முழுமையாகத் தீராதபோது, புதிதாக வாங்கும் பொருள்களுக்குரிய வட்டியில்லாக் காலமும் பொதுவாக நின்றுவிடும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் தீரப் பல மாதங்களும் ஆண்டுகளும் ஆகும் என்ற எச்சரிக்கையை மாதாந்திரக் கணக்கறிக்கையில் தெளிவாக அச்சிடவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நெறி. அவ்வரியே நம் கடனின் சிவப்புக் கோடு.

இயன்றவரை நிலுவையை முழுமையாகக் கட்டுவதே சிறந்தது. இயலாத மாதத்தில், குறைந்தபட்சத் தொகைக்கு மேல் கூடுதலாகக் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் நேராகக் கடனைக் குறைக்கும். மேற்கண்ட கணக்கில் ரூ. 1,000-க்குப் பதிலாக ரூ. 2,000 கட்டினால், கடனில் குறைவது ரூ. 174 அன்று, ரூ. 1,174. நிலுவை பெரிதாகிவிட்டதெனில், வட்டி குறைந்த தனிநபர் கடனாகவோ தவணைக் கடனாகவோ மாற்ற இயலுமா என்று வங்கிக் கிளையில் கேட்டறியலாம். அதற்குரிய கட்டணங்களையும் சேர்த்தே ஒப்பிடவேண்டும்.

உருண்டு பழைய இடத்திற்கே வருவது இச்சொல்லின் இலத்தீன் வேர் தரும் பொருள். விண்கோள்களுக்கு அது பொருந்தும். எந்திரமும் பணமும் சுழலும்போதோ, நாம் ஓரடியேனும் முன்னே நகர்ந்திருக்கவேண்டும். அடுத்த கணக்கறிக்கை வரும்போது நிலுவைத் தொகையைச் சென்ற மாத நிலுவையுடன் ஒப்பிட்டால், நம் வண்டி நகர்கிறதா, உறுமுகிறதா என்பது விளங்கிவிடும்.