முகவரி சொல்லும் ஆள் தூங்கிவிட்டால்...

வெப்சைட்டுக்கும் மெயில் சர்வருக்கும் தாராளமாகச் செலவழிக்கும் கம்பெனிகள் டிஎன்எஸ் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் காட்டுகின்றன.

2016 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் மணி காலை ஏழைத் தாண்டிச் சில நிமிடங்கள். ட்விட்டர் திறக்க மறுத்தது. ஸ்பாட்டிஃபை, ரெடிட், கிட்ஹப் என்று வரிசையாகப் பெரிய தலைகள் உருண்டன. வேடிக்கை என்னவென்றால், இந்தக் கம்பெனிகளின் சர்வர்களுக்கு எந்தக் கோளாறும் இல்லை. அவை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. அவை எங்கே இருக்கின்றன என்று கேட்டவர்களுக்கு வழி சொல்ல வேண்டிய ஆள்தான் வாயடைத்துப்போயிருந்தார்.

அந்த ஆள், நியூஹாம்ப்ஷயரிலிருந்து இயங்கிய டைன் என்ற டிஎன்எஸ் கம்பெனி. 'மிராய்' என்ற வைரஸ் கைப்பற்றிவைத்திருந்த வீட்டு கேமராக்களும் வீடியோ ரிக்கார்டர்களும் ஒரே நேரத்தில் அதன் மீது பாய்ந்தன. தாக்கிய கருவிகள் 1 லட்சம் வரை இருக்கலாம் என்று டைன் பிறகு மதிப்பிட்டது. டைனை மட்டுமே நம்பியிருந்தவர்களுக்கு அன்று செய்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டாவதாக ஒரு டிஎன்எஸ் கம்பெனியையும் வைத்திருந்தவர்கள் ஓரளவு தப்பினார்கள்.

பால் மொக்கபெட்ரிஸ் 1983ல் வடிவமைத்த ஏற்பாடு டிஎன்எஸ். மனிதர்கள் டைப் செய்யும் பெயரைக் கம்ப்யூட்டர்களுக்குப் புரியும் எண்ணாக மாற்றுவது அதன் வேலை. வெப்சைட் எந்த எண்ணில் இருக்கிறது, மெயிலை எந்த சர்வரிடம் ஒப்படைக்க வேண்டும், உங்கள் பெயரில் மெயில் அனுப்ப யாருக்கு அனுமதி - எல்லாம் அந்த ஒரே பட்டியலில். சூரத்தில் துணி வியாபாரம் செய்பவர் சொந்தமாக ஒரு சர்வர் வாங்கி வைக்கிறார். பட்டியலை மட்டும் டொமைன் விற்றவர் இலவசமாகக் கொடுத்த இடத்தில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார். அல்லது அதே சர்வரிலேயே வைத்துக்கொள்கிறார். பதிவு செய்யும்போது இரண்டு நேம் சர்வர் கேட்கிறார்களே? ஒரே மெஷினுக்கு இரண்டு பெயர் வைத்தால் போயிற்று!

இந்த சாமர்த்தியம் சிறியவர்களுக்கு மட்டும் சொந்தமல்ல. 2001 ஜனவரியில் மைக்ரோசாஃப்டின் வெப்சைட்கள் கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க காணாமல் போயின. அதன் நான்கு நேம் சர்வர்களும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தன. வழியில் இருந்த ரவுட்டரில் செய்த ஒரு மாற்றம் நான்கையும் சேர்த்து மூடிவிட்டது. நேம் சர்வர்களை வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு நெட்வொர்க்குகளில் வையுங்கள் என்று இன்டர்நெட் வல்லுநர்கள் 1997லேயே எழுதிவைத்திருந்தார்கள்.

மெயில் விஷயம் இன்னும் நுட்பமானது. டிஎன்எஸ் பதிலே தராவிட்டால், அனுப்பும் சர்வர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயல்கிறது. நான்கைந்து நாளாவது முயல வேண்டும் என்பது விதி. ஆக, சில மணி நேர மௌனத்தால் தாமதம்தான், நஷ்டமில்லை. தப்பான பதில்தான் ஆளைக் கொல்லும். 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்று நேம் சர்வர் சொல்லிவிட்டால் கடிதம் உடனே திரும்பிப் போகும். மெயிலுக்கான எம்எக்ஸ் வரி மட்டும் விடுபட்டுப்போனாலோ, அனுப்புகிறவர் வெப்சைட் இருக்கும் மெஷினின் கதவைத் தட்டுவார். அங்கே கடிதம் வாங்க ஆள் இருக்காது. வெளியில் பார்த்தால் வெப்சைட் ஜோராகத் திறக்கும். டெண்டர் கடிதம் வராதது பிறகுதான் தெரியும்.

இப்படிப்பட்ட விபத்துகள் நடப்பது பெரும்பாலும் கம்பெனி மாறும் நாளில். எனவே டிஎன்எஸ் கம்பெனியைத் தேடும்போது விலைக்கு முன்னால் கேட்க வேண்டியது, முழுப் பட்டியலையும் ஒரே ஃபைலாக எடுத்துக்கொண்டு வெளியேற முடியுமா என்பதுதான். ஒவ்வொரு வரியையும் மற்ற சர்வர்கள் எத்தனை நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்பதை நிர்ணயிக்கும் 'டிடிஎல்' உங்கள் கையில் இருக்க வேண்டும். சாதாரண நாளில் 86,400 விநாடி (ஒரு நாள்) இருக்கட்டும். சர்வரை மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்பு 300க்கு இறக்கிவிடலாம். ஆனால் நேம் சர்வரையே மாற்றும்போது இந்த வித்தை பலிக்காது. டாட்காம் பெயர்களுக்கு அந்தத் தகவல் மேலிடத்தில் 1,72,800 விநாடி - இரண்டு நாள் - நிற்கும். பழைய இடத்தை ஒரு வாரமாவது உயிரோடு வைத்திருப்பது நல்லது. டிஎன்எஸ்செக் போட்டிருப்பவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை: 2021 செப்டம்பரில் ஸ்லாக் கம்பெனி அதைப் போட்டுவிட்டு அவசரமாகக் கழற்றியதில் சிலருக்கு ஒரு நாள் வரை சேவை கிடைக்கவில்லை.

விலை ஒரு பிரச்சினையே இல்லை. கிளவுட்ஃபிளேர் இலவசம். ஹரிகேன் எலெக்ட்ரிக் 50 டொமைன் வரை காசு வாங்குவதில்லை. அமேசானின் ரூட் 53 டொமைனுக்கு மாதம் அரை டாலரும், கேள்விகளுக்குச் சில்லறையும் வாங்குகிறது. மூன்றுமே ஒரே எண்ணைப் பல ஊர்களிலிருந்து அறிவிக்கும் 'எனிகாஸ்ட்' முறையில் இயங்குபவை. ஒரு ஊர் விழுந்தால் அடுத்த ஊர் பதில் சொல்லும். அமேசான் 100 சதவீத உத்தரவாதமே தருகிறது. மீறினால் கிடைப்பது பில்லில் தள்ளுபடி. கை நழுவிய ஆர்டருக்கு அது ஈடாகாது.

டைன் பாடத்துக்குப் பிறகு இரண்டு கம்பெனி வைப்பது பெரிய இடங்களில் சகஜமாகிவிட்டது. சிறியவர்களுக்கு? ஒன்றிலிருந்து மற்றொன்று பட்டியலைத் தானாக நகலெடுக்கும் வசதி இருந்தால் செய்யலாம். கிளவுட்ஃபிளேரின் இலவசத் திட்டத்தில் அது கிடையாது. கையால் இரண்டு இடத்தில் எழுதுவதாக இருந்தால் வேண்டவே வேண்டாம். மூன்றாவது மாதமே ஒன்று ஒரு பதிலும் மற்றொன்று வேறு பதிலும் சொல்லும்.

பட்டியல் பத்திரமாக இருந்தாலும், டொமைன் பதிவு செய்த இடத்தின் பாஸ்வேர்டு வேலையை விட்டுப்போன ஊழியரிடம் இருந்தால் பயனில்லை. அந்தக் கணக்குக்கான ஈ-மெயில் முகவரி அதே டொமைனில் இருப்பது அதைவிட மோசம். டொமைன் காலாவதியானால் நினைவூட்டும் கடிதமும் வந்து சேராது.

2024 பிப்ரவரி முதல் கூகிளும் யாஹூவும் மெயில் அனுப்புகிறவர்களிடம் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் சான்று கேட்கின்றன. மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு இரண்டோடு டிமார்க்கும் கட்டாயம். 2,048 பிட் டிகிம் சாவி 255 எழுத்துக்குள் அடங்காது, துண்டு போட்டுத்தான் எழுத வேண்டும். புதுக் கம்பெனியின் பக்கம் அதை ஏற்கிறதா என்று பணம் கட்டுமுன் ஒரு வரி போட்டுப் பார்த்துவிடலாம். அவர்கள் கேட்கும் இன்னொன்று, எண்ணைக் கொடுத்தால் பெயரைச் சொல்லும் 'பிடிஆர்' பதிவு. இதற்காக டிஎன்எஸ் கம்பெனியை எத்தனை தடவை அழைத்தாலும் அது கையைத்தான் விரிக்கும். அதை எழுதும் உரிமை, சர்வருக்கு அந்த எண்ணைக் கொடுத்த இன்டர்நெட் கம்பெனியிடம் இருக்கிறது.