மானுக்கு முதல் மருந்து அமைதி!

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக வால்பாறைக்கு ஏறும் சாலை, ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் ஊடே செல்கிறது. காடு மானுக்கு வேண்டும். சாலை நமக்கு வேண்டும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் சிந்துவது யார் இரத்தம்?

வண்டியில் அடிபட்டு ஒரு புள்ளிமான் வீழ்ந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஊரே கூடும். ஒருவர் கொம்பைப் பிடிப்பார். ஒருவர் வாயில் தண்ணீர் ஊற்றுவார். எல்லாம் இரக்கம்தான். ஆனால், தோழர்களே, அந்த இரக்கமே எமனாகிறது! மிரண்டு திமிறும் மானின் தசை சிதைகிறது. அந்த நஞ்சு சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்குகிறது. சிறு காயத்தோடு தப்பிய மானும் சில நாளில் சாகிறது.

என்ன செய்வது? கூட்டத்தை விலக்குங்கள். நாய்களைத் துரத்துங்கள். எழ முடியாமல் கிடந்தால் கண்ணைத் துணியால் மூடுங்கள். உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். குட்டி தனியே கிடந்தால் தூக்காதீர்கள். தாய் அதை ஒளித்து வைத்துவிட்டு மேயப் போயிருக்கும். வளர்க்கும் ஆசையும் வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடந்தரவில்லை. அச்சம் மறந்த மான் காட்டில் பிழைப்பதும் அரிது.

ஆட்சியாளரையும் கேட்கிறோம்: காட்டுச் சாலையில் வேகத்தை அடக்குங்கள், கால்நடை மருத்துவர் கூப்பிடு தூரத்தில் இருக்கட்டும். வாயற்ற உயிருக்காக வாதாடுவதும் உழைப்பவன் கடமையே!